காப்பார் பக்கம் எறிந்த பந்து

"ஏழு கோப்பை. அதுக்கு மேல என்ன பேச்சு?" என்றாள் ராஜினி, தோசையைப் பிய்த்துக்கொண்டே. "பிரேடிதான். முடிஞ்சு போச்சு லா."

அமெரிக்கக் கால்பந்தின் இறுதியாட்டம் மலேசியாவில் திங்கட்கிழமை காலையில்தான் வரும். அதைப் பார்ப்பதற்காக ஒரே அணியில் ஆடும் நான்கு பெண்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸில் ராஜினியின் வீட்டில் கூடியிருந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் கீழே இருந்த கடைக்கு வந்து உட்கார்ந்தார்கள். உலகத்திலேயே மிகச் சிறந்த குவார்ட்டர்பேக் யார் என்பதுதான் பேச்சு. யார் எங்கே ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பந்தை எறிகிறவருக்குத்தான் அந்தப் பெயர்.

"ஏழையும் அவன் ஒருத்தனா ஜெயிச்சான்?" மலர் விடவில்லை. "மஹோம்ஸ் மாதிரி ஒரு பந்து எறியச் சொல்லுங்க பாப்போம். ஒடம்பு இந்தப் பக்கம் இருக்கு, பந்து அந்தப் பக்கம் போகுது."

"சர்க்கஸ் பாக்கணும்னா நீ சர்க்கஸுக்குப் போ. சரி, பிரேடி வேணாமா, மொண்டானாவ எடுத்துக்கோ. நாலு இறுதியாட்டம், நாலும் ஜெயம். நாலுலயும் சேத்து ஒரு பந்துகூட எதிராளி கைக்குப் போகல. ஒண்ணுகூட."

கடைசிச் சொல்லை ராஜினி சற்று அழுத்தினாள். அது யாருக்கு என்று மேசையில் எல்லோருக்கும் புரிந்தது. லோகேஸ்வரி தன் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மரினோ," என்றாள்.

மலர் சிரித்துவிட்டாள். "லோகாக்கா, அவரு ஒரு தடவகூட கோப்பை வாங்கலயே."

"வாங்கல. ஆனா பந்து போக வேண்டிய எடத்துக்குப் போச்சு. நான் அதத்தான் பாப்பேன்."

"பந்து பறிபோனா எறிஞ்சவன் பேர்லதான் எழுதுவாங்க, லோகா," என்றாள் ராஜினி. இந்த முறை குரலைத் தணித்துத்தான் சொன்னாள்.

"எழுதிட்டுப் போகட்டும் லா."

"நம்ம அணிக்கு இனி யாரு எறியறதுன்னு சனிக்கிழம பயிற்சியில முடிவ சொல்லிடறேன்," என்றாள் ராஜினி. "புதுசா எறிய வந்துருக்கற அந்தக் காலேஜ் பிள்ளையையும் வரச் சொல்லிருக்கேன்."

மேசையின் ஓரத்தில் இருந்த மெஹ்ரின் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எப்போதுமே பேசாத பெண் என்பதால் யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. இரண்டு வாரமாக அவளுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை என்பதும் யாருக்கும் தெரியாது.

லோகேஸ்வரிக்கு வயது முப்பத்தாறு. கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய ஒரு லோரி ஆபீஸில் வேலை. எந்த லோரி எந்தச் சரக்கை எங்கே கொண்டுபோக வேண்டும் என்று சொல்லி அனுப்புவது அவள் பொறுப்பு. "அண்ணே, காப்பார்ல நெரிசல், மேரு பக்கம் சுத்திப் போங்க," என்று காலையிலிருந்து மாலைவரை போனில் பேசிக்கொண்டே இருப்பாள். பள்ளியில் நெட்பால் ஆடிய தோள் அவளுக்கு. எட்டு வருடங்களுக்கு முன் ராஜினி பெண்கள் அணி ஒன்றைத் தொடங்கியபோது அந்தத் தோளைத்தான் முதலில் தேடிப் போனாள். இவர்கள் ஆடுவதில் இடித்துத் தள்ளுவது கிடையாது. பந்தோடு ஓடுகிறவளின் இடுப்பில் தொங்கும் பட்டையை உருவிவிட்டால் ஓட்டம் அத்தோடு நின்றுவிடும்.

மற்ற அணிகள் ஓட்டங்களுக்கு எண் வைத்திருந்தன. லோகேஸ்வரி ஊர்ப் பெயர் வைத்தாள். அவர்களுடைய திடலில் கடலைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் காப்பார், இடப்பக்கம் ஜெஞ்சாரோம். அதனால் 'காப்பார்' என்றால் நீளமாக ஓடி வலப்பக்கம் திரும்ப வேண்டும். 'ஜெஞ்சாரோம்' என்றால் இடப்பக்கம். கோலாலம்பூர்க் கடைத்தெருவான 'மஸ்ஜித் இந்தியா' என்றால் நடு நெரிசலுக்குள் புகுந்துவிட வேண்டும். ஒரே நாளில் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. எதிரணிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

எட்டு வருடத்தில் முதன்முறையாக இந்த ஆண்டுதான் இறுதியாட்டம்வரை வந்தார்கள். இரண்டு வாரத்துக்கு முன் அது அவர்கள் திடலிலேயே நடந்தது. இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறின. இப்போது முதுகுதான் கடலைப் பார்த்திருந்தது. கடைசி நிமிடத்தில் லோகேஸ்வரி, "மெஹ்ரின், காப்பார்," என்றாள்.

மெஹ்ரினின் வீடு காப்பாரில். அவள் அத்தா அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். தினமும் மோட்டார் சைக்கிளில் போய்வரும் பாதை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடியவள், திரும்ப வேண்டிய இடம் வந்ததும் யோசிக்காமல் திரும்பினாள். கால் வீட்டைப் பார்த்துத் திரும்பியது, இடப்பக்கம். அவள் திரும்புவதற்கு முன்பே பந்து லோகேஸ்வரியின் கையை விட்டுப் போயிருந்தது, வலப்பக்கம். அங்கே நின்றிருந்தவள் எதிரணிக்காரி. பந்தை வாங்கியவள் மறுகோடிவரை ஓடிவிட்டாள், கோப்பையும் போனது.

"கை வழுக்கிருச்சு," என்றாள் லோகேஸ்வரி, யாரும் கேட்பதற்கு முன்பே.

சனிக்கிழமை மாலை திடலில் ராஜினி எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்தாள். காலேஜ் பெண்ணும் ஓரமாக வந்து நின்றாள். ராஜினி வாயைத் திறக்கும்போது மெஹ்ரின் கையைத் தூக்கினாள், வகுப்பில் தூக்குவதுபோல.

"அக்கா, அன்னைக்கு லோகாக்கா சரியாத்தான் எறிஞ்சாங்க. நான்தான் வீட்டுப் பக்கம் திரும்பிட்டேன்."

ராஜினிக்கு முதலில் விளங்கவில்லை. மலருக்கு விளங்கிவிட்டது. "அத்தா கடை பரோட்டா வாசன வந்துச்சா?" என்றாள். சிரித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி, "நானும் அன்னைக்கு ஜெஞ்சாரோம் எந்தப் பக்கம்னு ஒரு நிமிஷம் முழிச்சுட்டேன்," என்றாள். "நானும்தான்," என்றது இன்னொரு குரல்.

"நீ ஏன் பொய் சொன்ன?" என்று ராஜினி லோகேஸ்வரியைக் கேட்டாள்.

"பாதி என் தப்புதான் லா. லோரிக்கு எந்தப் பக்கம் திரும்பி நின்னாலும் காப்பார் ஒரே எடத்துலதான் இருக்கு. பக்கம் மாறினப்ப, அப்பவும் காப்பார்னா வலப்பக்கம்தான்னு உங்களுக்கு நான் சொல்லிருக்கணும். சொல்லல. அந்தப் பிள்ள அன்னைக்கு அழுதுரும் போல நின்னுச்சு. அதான்."

ராஜினி காலேஜ் பெண்ணைக் கூப்பிட்டு, "வர்ற போட்டியில நீ ஓடு. லோகா எறியட்டும். பக்கத்துல நின்னு பாத்துக்கோ," என்றாள். அந்தப் பெண் தலையாட்டிவிட்டு இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டாள்.

அன்று வேண்டுமென்றே கடலுக்கு முதுகு காட்டி நின்று பயிற்சி செய்தார்கள். பத்து முறை 'காப்பார்'. மெஹ்ரின் முதல் இரண்டில் தடுமாறினாள். மொத்தம் ஏழு பந்துகளைப் பிடித்தாள்.

வெளிச்சம் மங்குவதற்குள் எல்லோரும் கிளம்பினார்கள். மெஹ்ரின் தலைக்கவசத்தை மாட்டும்போது லோகேஸ்வரி அவள் மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் வந்து நின்றாள். தன் தவறைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறாள், அல்லது நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்து மெஹ்ரின் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்கு ஒரு உதவி செய்யணும் நீ," என்றாள் லோகேஸ்வரி. "இனிமே ஆட்டத்துல நாம கூடி நிக்கறப்ப நான் ஊர்ப் பேரு சொன்னதும், 'எந்தப் பக்கம்கா?'ன்னு நீ வாய் விட்டுக் கேளு. ஒனக்குத் தெரிஞ்சாலும் கேளு. கேக்கக் கூச்சப்படறவங்க இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க."