உப்புக் காற்றில் திறந்த கேமரா

அந்தக் கேமராவின் ஆங்கிலக் கையேட்டை என் கணவருக்குப் படித்துச் சொன்னவள் நான்தான். அவர் பாண்டிச்சேரியில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். பல வருஷம் ஃபிலிமில் எடுத்த கை. 2006-இல் அவருடைய முதலாளி ஒரு ஃபுல் ஃபிரேம் டிஜிட்டல் கேமரா வாங்கி, யாரிடமும் கொடுக்காமல் பூட்டி வைத்திருந்தார். ஒரு வியாபாரியின் காலண்டருக்கு மரக்காணம் உப்பளத்தைப் படமெடுக்க வேண்டி வந்தபோது, எங்கள் ஊர் என்பதால் ஒரே ஒரு நாள் இவரிடம் கொடுத்தார்.

"சாயந்தரம் ஆறு மணிக்குள்ள, எப்படிக் குடுத்தனோ அப்படியே வரணும். வெள்ளைச் சுவத்த ஒரு போட்டோ எடுத்துப் பாப்பேன்" என்றாராம்.

நன்றாக நடந்தால் இனிக் கல்யாணங்களுக்கு அந்தக் கேமரா இவர் கையில். இல்லாவிட்டால் இன்னொருவர் எடுக்க இவர் லைட் பிடிக்க வேண்டியதுதான்.

ஃபிலிம் கட்டத்தின் அளவுக்கே அதில் படம் பதியும் சென்சார் இருந்தது. பழைய லென்ஸ்கள் பார்க்கும் அகலம் முழுவதும் ஓரம் வெட்டுப்படாமல் விழும். அவர் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். நான் பயமுறுத்தும் வரிகளை அடிக்கோடிட்டேன். லென்ஸைக் கழற்றினால் கேமராவின் வாய் கீழே பார்க்க வேண்டும். உள்ளே தூசி விழுந்தால், ஃபிலிமைப் போல அடுத்த படத்தோடு நகர்ந்து போகாது. எல்லாப் படத்திலும் அதே இடத்தில் இருக்கும்.

உப்பளத்தில் காலையிலேயே காற்று. தூரத்தில் உப்பு வாருகிறவர்களை எடுக்க அவர் லென்ஸ் மாற்றினார். திறந்த கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டுப் பைக்குள் குனிந்தார். என் இடுப்பில் எட்டு மாதக் குழந்தை, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே கருப்புக் குடை, வலது கையில் கேமரா. கூடையோடு போன ஒரு பெண் நின்றாள்.

"ஏம்மா, மெஷினுக்குக் குடை, கொயந்தைக்கு வெயிலா? நல்லா இருக்குது."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கேமரா பிடித்திருந்த கையாலேயே குடையைக் குழந்தைப் பக்கம் தள்ளினேன். கேமராவின் வாய் மேலே திரும்பியது. மூன்று எண்ணும் நேரம் இருக்கும். அவர் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மதியம் வீட்டில், பெரிதாக்கும் பொத்தானை அழுத்தி ஒரு படத்தின் வானத்தைப் பார்த்தார். மூன்று கரும்புள்ளிகள். அடுத்த படத்திலும் மூன்று.

"என் கைதான். அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். கையேட்டைத்தான் திறந்தேன். வாயால் ஊதக் கூடாது. துணி படக் கூடாது. ரப்பர் பம்பால் காற்று மட்டும் அடிக்கலாம். அதற்கு, சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியை மேலே தூக்கி, ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டும். நடுவில் பேட்டரி தீர்ந்தால் ஷட்டர் தானாக மூடிப் பழுதாகலாம். பேட்டரி பாதிதான் இருந்தது. வீட்டில் கரண்ட் இல்லை. நாலரைக்குப் பாண்டிச்சேரி பஸ்.

"கொழந்தைக்குச் சளி எடுக்கிற பம்பு இருக்குதே, அதக் குடு."

அவர் ஷட்டரைத் திறந்துவிட்டார். நான் பம்பைக் கொடுக்கும் முன் என் கன்னத்தில் ஒரு முறை அழுத்திப் பார்த்தேன். ஈரம். காலையில்தான் வெந்நீரில் போட்டிருந்தேன்.

"ஏங்க, வேணாங்க. ஆஃப் பண்ணிடுங்க."

"பேட்டரி போவுது. குடு."

"தண்ணி இருக்குது உள்ள. ஆஃப் பண்ணுங்க."

அணைத்தார். பீரோவில் பிரிக்காத இன்னொரு பம்பு இருந்தது. வாங்கிய அன்று, "ஒரு மூக்குக்கு ரெண்டு பம்பா?" என்று கேலி செய்தவரே இப்போது அதன் உறையைப் பிரித்தார். புதிய பம்புக்குள் பவுடர் இருக்குமோ என்று அடுத்த பயம். கருப்புக் குடைத்துணியில் அடித்தேன். வெள்ளையாக வந்தது. எதுவும் வராமல் போகும்வரை, விரல் வலிக்க வலிக்க அடித்தேன். "போதும், பஸ் போயிடும்" என்றார். இன்னும் பத்து முறை அடித்த பிறகுதான் கொடுத்தேன்.

அவர் மறுபடி ஷட்டரைத் திறந்து, கேமராவைத் தலைகீழாகப் பிடித்து நாலே தடவை அழுத்தி, அணைத்து, காலையில் மாற்றிய தூரத்து லென்ஸைப் பொருத்தி வானத்தை எடுத்தார். இரண்டு புள்ளிகள் போய்விட்டன. இடது மூலையில் ஒன்று அப்படியே இருந்தது.

"இன்னொரு தடவ தாங்காது" என்றார். பேட்டரிக் கட்டம் மினுக்கிக்கொண்டிருந்தது.

கார்டில் இருந்த முதல் படத்தைக் காட்டச் சொன்னேன். கொடுப்பதற்கு முன் முதலாளியே எடுத்துப் பார்த்த வெள்ளைச் சுவர். பெரிதாக்கி இடது மூலைக்கு நகர்த்தினோம். அங்கேயும் அதே புள்ளி.

"இது மொதலாளியோடதுதான்" என்றார்.

"மத்த ரெண்டும் என்னுதுங்க" என்றேன். குடையைத் திருப்பியதைச் சொன்னேன்.

அவர் தன் கையைப் புரட்டிப் பார்த்தார்.

"இவ்ளோ நேரம் என் கையத் திட்டினு இருந்தேன்."

வந்தபோது இருந்த லென்ஸோடுதான் கேமரா திரும்பிப் போக வேண்டும். அவர் ஜன்னலைச் சாத்தினார்.

"கொழந்தையப் பாயில விடு. வா, இதப் புடி."

இரண்டு கையாலும் வாங்கி, வாயைத் தரைக்குத் திருப்பிப் பிடித்தேன். அவர் லென்ஸைக் கழற்றினார்.