இடக்கையால் நடக்கக் கற்றது

நெதர்லாந்தின் ஐந்தோவன் நகருக்கு நான் வந்து ஒன்பது வருஷமாகிறது. இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட என் காலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டதில்லை. இடது காலில் கேலிப்பர் என்ற இரும்புச் சட்டம், வலது கையில் ஊன்றுகோல், ஒவ்வொரு அடிக்கும் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து நிமிரும் நடை. கண்ணில் படாமல் இருக்க முடியாது. பக்கத்து வீட்டு அம்மா மழையைப் பற்றிப் பேசுவார், என் ஜன்னல் பூந்தொட்டியைப் பற்றிப் பேசுவார், பார்வையை மட்டும் என் இடுப்புக்குக் கீழே இறக்கமாட்டார். இங்கே அது மரியாதை. எனக்கோ பாதி உடம்பைத் திருத்தணியிலேயே விட்டுவிட்டு வந்த மாதிரி இருக்கும்.

திருத்தணியிலிருந்து சென்னைக்கு மின்சார ரயிலில் வேலைக்குப் போய்வந்த காலத்தில், அரக்கோணம் வருவதற்குள் யாராவது கேட்டுவிடுவார்கள். போலியோ, இரண்டு வயதில் வந்தது என்பேன். அடுத்து, கல்யாணம் ஆயிற்றா என்பார்கள். இல்லை என்றதும் உச்சுக் கொட்டுவார்கள். ஒருமுறை ஒரு பெரியம்மாவிடம், "போலியோ காலுக்குத்தாங்க வந்துது. கல்யாணம் வேணாம்னு நான்தான் சொன்னேன்" என்றேன்.  அவர் தன் கையிலிருந்த கொய்யாவில் பாதியை எனக்குக் கொடுத்தார்.

நாற்பத்தாறாவது வயதில் என் வலது மார்பில் கட்டி வந்தது. புற்றுநோய், அக்குள் வரை போயிருந்தது. முதலில் ஐந்து மாதம் கீமோ, பிறகு அறுவை, பிறகு கதிர்வீச்சு என்று முடிவானது. அறுவை மருத்துவர் என் வயதுக்காரப் பெண். ஒரு தாளில் படம் வரைந்து, அக்குளில் இருக்கும் நிணநீர்க் கணுக்களை எல்லாம் எடுக்க வேண்டியிருக்கும் என்றார். பல வாரங்களுக்கு அந்தக் கையில் பாரம் ஏற்றவே கூடாது. அதற்கப்புறமும் ஆயுள் முழுக்கக் கவனம் வேண்டும், இல்லாவிட்டால் கை வீங்கிக்கொள்ளும். சக்கர நாற்காலிக்கு எழுதித் தருவதாகச் சொன்னார்.

அந்தக் கையால்தான் நான் நடக்கிறேன் என்று டச்சு மொழியில் சொன்னேன். அவர் சிரித்தபடி, காலால் என்று சொல்ல வருகிறீர்களா என்று என் வாக்கியத்தைத் திருத்தினார். என் வாக்கியத்தில் தவறில்லை. எழுந்து கதவு வரை நடந்து திரும்பி வந்தேன். முதல் முறையாக இந்த நாட்டில் ஒருவர் என் நடையைக் கண் எடுக்காமல் பார்த்தார். பிறகு கேட்டார்: "வாட் வில்ட் ஊ ஸெல்ஃப்?" நீங்கள் என்ன விரும்புகிறீர்கள்?

எனக்குக் கோபம் வந்தது. நோயாளியிடமா கேட்பார்கள் இதை? தெரியாததால் கேட்கிறாரோ, நாளைக்கு ஏதாவது ஆனால் பழி என்மேல் விழட்டும் என்று கேட்கிறாரோ என்று வீடு வரை பொருமிக்கொண்டே வந்தேன். சோறு வடிக்கும்போதுதான் உறைத்தது. ஐந்து வயதில் என் காலில் ஆபரேஷன் செய்யலாமா என்று பேசினார்கள், எந்தப் பள்ளி என்று பேசினார்கள், சொத்தில் எனக்குப் பங்கு பிரிக்க வேண்டுமா என்றுகூடப் பேசினார்கள். எல்லாம் என் தலைக்கு மேலே நடந்த பேச்சு. என்னை யாரும் கேட்டதில்லை. அடுத்த முறை போனபோது பதில் சொன்னேன். கீமோ முடிய ஐந்து மாதம் இருக்கிறது. அதற்குள் இடக்கையில் ஊன்றுகோல் பிடித்து நடக்கக் கற்றுக்கொள்வேன். சக்கர நாற்காலி வேண்டாம்.

பிசியோதெரபி பார்க்கும் இளைஞருக்கு இது பிடிக்கவில்லை. கீமோ சமயத்தில் ஓய்வு வேண்டும், உங்கள் உடம்பு சொல்வதைக் கேளுங்கள் என்றார். என் உடம்பு இரண்டு வயதிலிருந்து உட்கார் என்றுதான் சொல்கிறது, அதைக் கேட்டிருந்தால் இந்த ஊருக்கே வந்திருக்கமாட்டேன் என்றேன். அவர் அதை என்னவென்று எழுதிக்கொண்டாரோ தெரியாது. மறுவாரம் இடக்கைக்கு ஏற்ற பிடியுள்ள ஊன்றுகோல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

நான் முதலில் நடை பழகியது எங்கள் நைனாவின் விசைத்தறிக் கொட்டகையில். நைனா என்றால் எங்கள் பக்கம் அப்பா. இரண்டு வரிசைத் தறிகளுக்கு நடுவே ஓர் ஆள் போகிற சந்து, இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளச் சட்டம். அந்தச் சத்தத்தில் விழுந்தாலும் யாருக்கும் கேட்காது, அழுதாலும் கேட்காது. அதனால் அழாமல் எழுந்திருக்கப் பழகிவிட்டேன். ஐந்தோவனில் என் வீட்டு நடைவழி நேர்மாறு. குண்டூசி விழுந்தாலும் கேட்கும். கீமோவில் விரல் நுனிகள் மரத்துப்போய், பிடி நழுவிப் பலமுறை விழுந்தேன். ஊசி போடும்போது காயங்களைப் பார்த்த செவிலியர் கதவைச் சாத்திவிட்டு, வீட்டில் உங்களை யாராவது அடிக்கிறார்களா என்று கேட்டார். நான் தனியாக இருக்கிறேன், அடிப்பதும் நான்தான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவிடம் மட்டும் மாற்றம் தெரிந்தது. முடி கொட்டியதும் சூப்போடு வந்து கதவைத் தட்டினார். என் மொட்டைத் தலையைப் பற்றிக் கேட்க அவருக்குச் சொற்கள் இருந்தன.

கீமோ முடிந்து அறுவைக்கு முன் கிடைத்த நாட்களில், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு திருத்தணிக்குப் போனேன். அக்கா வாசலில் நின்றாள். அவள் தலையும் மொட்டை. எனக்காக வேண்டிக்கொண்டு முடி கொடுத்திருந்தாள். எங்கள் ஊரில் மொட்டை போட்ட பெண்கள் தெருவுக்குப் பத்துப் பேர். கடைவீதியில் யாரும் எங்கள் தலையைப் பார்க்கவில்லை. என் காலைத்தான் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் அக்கா பேச்சை எடுத்தாள். "அங்க யாரு இருக்காங்க உனக்கு? ஆபரேஷன் சென்னையிலயே பண்ணிக்கோ. நீ ஒக்காந்துகினு இரு, எல்லாம் நான் பார்த்துக்கறேன்."

"ஒக்கார வைக்கத்தான் எல்லாரும் ரெடியா இருக்கீங்க அக்கா. எனக்கு நடக்கணும்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.  மறுநாள் காலை மலைக்குப் போனோம். மேலே ஆட்டோ நின்ற இடத்திலிருந்து கோயில் வாசல் வரை, இடக்கையில் ஊன்றுகோலுடன் நடந்தேன். ஈரத் தரையில் அது வழுக்கியது. எல்லார் முன்னாலும் விழுந்தேன். நாலைந்து பேர் தூக்க ஓடிவந்தார்கள். ஒருவர் என் அக்குளில் கையே கொடுத்துவிட்டார். அப்போதுதான் அக்காவின் குரல் கேட்டது.

"விடுங்க. யாரும் தொடாதீங்க. அவளே எழுந்திருப்பா."

நேரம் பிடித்தது. முட்டி போட்டு, கேலிப்பரின் பூட்டைத் தட்டி, ஊன்றுகோலை நட்டு எழுந்தேன். அக்கா அழுதுகொண்டிருந்தாள். ஆனால் இரண்டு கையையும் விரித்து, கூட்டத்தைத் தள்ளியே நிறுத்தியிருந்தாள். சென்னை ஆபரேஷன் பற்றி அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

ஐந்தோவனுக்குத் திரும்பி அறுவை செய்துகொண்டேன். மூன்றாம் நாள் வலது கையை மார்போடு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, இடக்கையால் கழிப்பறை வரை போய்வந்தேன். கதிர்வீச்சும் முடிந்தது. இப்போதைக்கு நோய் இல்லை என்கிறார்கள். இப்போதைக்கு என்ற சொல் எனக்குப் போதும். வலது கையில் இறுக்கமான உறை மாட்டியிருக்கிறேன். கை வீங்கும், வடியும். படிக்கிறவர்கள் யாரும் ஐயோ பாவம் என்று சொல்ல வேண்டாம். என்னைப் போல வெளியூரில் தனியாகப் படுத்திருக்கும் யாருக்காவது பயன்படுமே என்றுதான் எழுதுகிறேன்.

ஒரு வருஷம் கழித்து, போன மாதம் மறுபடி ஊருக்குப் போனேன். அக்கா வீட்டுக்காரர், எங்கள் பாவா, திருத்தணி ஸ்டேஷனில் காத்திருந்தார். ரயிலை விட்டு இறங்கி அவரை நோக்கி நடந்தேன். அவர் என்னைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு கூட்டத்திலும் என் சாய்வை வைத்தே என்னைக் கண்டுபிடிப்பவர் அவர். அந்தச் சாய்வைத்தான் தேடிக்கொண்டிருந்தார். அது இப்போது என்னிடம் இல்லை. "பாவா" என்று கூப்பிட்ட பிறகுதான் திரும்பினார்.

"நடை மாறிப்போச்சேமா" என்றார்.

"ஆங் பாவா. இது அந்த ஊரு நடை."

பையை வாங்கிக்கொண்டு வழக்கம்போல என் இடப்பக்கம் வந்தார். ஊன்றுகோல் அவர் காலில் இடித்தது. வலப்பக்கம் போனார். இந்தக் கையில் படக்கூடாது பாவா என்றேன். எந்தப் பக்கம் வருவதென்று தெரியாமல் சற்று நின்றவர், பிறகு ஓர் அடி பின்னால் நடந்து வந்தார்.