பிளக் ஓட்டையில் வந்த மூச்சு

இது நடந்தது. அன்றைக்கு நான் குடிக்கவில்லை, தூக்கக் கலக்கமும் இல்லை. கொலம்பியாவின் பசிபிக் கரையில் படகு மோட்டார் ரிப்பேர் செய்து பிழைக்கிறவன் நான். என் பெருவிரலுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். நம்புவது உங்கள் இஷ்டம்.

ஓபெர்லினுடைய மோட்டார் ஒற்றை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக். பிஸ்டன், ரிங், கேஸ்கட் எல்லாம் புதிதாகப் போட்டு ஞாயிற்றுக்கிழமை பூட்டி முடித்தேன். எங்கள் கரையில் ஒரு பழக்கம். பிரித்துப் பூட்டிய மோட்டாரின் பிளக் ஓட்டையில் சொந்தக்காரன் வாய் வைத்து ஒரு மூச்சு ஊத வேண்டும். அப்போதுதான் நடுக்கடலில் கைவிடாதாம். ஓபெர்லினும் ஊதினான். பிளக்கைப் போட்டுக் கயிற்றை இழுத்தோம். கிளம்பவில்லை.

"என்ன அபெலார்தோ, என் மூச்சு பத்தலையா?"

"உன் வாய் நாத்தத்துல மயங்கிக் கிடக்குடா. ரெண்டு நாள் பொறு."

பொறுக்கவில்லை. மறுநாள் தன் மச்சினன் எய்தெரின் படகில் மீன்பிடிக்கப் போனான். இரண்டு பேரும் திரும்பவில்லை.

புதன்கிழமை மதியம். எல்லாப் படகுகளும் தெற்கே தேடப் போயிருந்தன. கொட்டுகிற மழையில் ஓபெர்லினின் மனைவி நியெவெஸ் என் கொட்டகைக்கு வந்தாள். அவள் மகனுக்கு நான் ஞானத்தகப்பன்; அந்த முறையில் அவளுக்கு நான் கொம்பாத்ரே, எனக்கு அவள் கொமாத்ரே.

"கொம்பாத்ரே, தண்ணி வடக்க இழுக்குது. அந்தப் பக்கம் ஒருத்தனும் போகல. படகு எங்கிட்ட இருக்கு. மோட்டார மட்டும் குடுங்க."

"கம்ப்ரஷன் நிக்க மாட்டேங்குது கொமாத்ரே. உள்ள காத்து அழுத்தமே இல்ல."

"எல்லாம் புதுசுன்னீங்க?"

"அதான் எனக்கும் புரியல!"

ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்துவைத்து, பிளக் ஓட்டையில் கம்ப்ரஷன் கேஜை மாட்டி இழுத்தேன். ஐம்பத்தைந்து. நூறுக்கு மேல் வர வேண்டும். சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டேன். ரிங் கசிந்தால் முள் ஏறும். ஏறவில்லை. ஹெட்டைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு குமிழிகூட இல்லை. ஹெட்டைக் கழற்றித் தேய்த்து மறுபடி பூட்டினேன். அதே ஐம்பத்தைந்து. ஸ்பேனரைச் சுவரில் வீசினேன். காற்று எங்கேதான் போய்த் தொலைகிறது?

கேஜ்தான் பொய் சொல்கிறதோ என்று, ஓட்டையைப் பெருவிரலால் மூடிக்கொண்டு கயிற்றை இழுத்தேன். விரலை லேசாகத் தள்ளியது. சீக்காளி மாதிரி.

கயிற்றை விட்டேன். நெற்றியைத் துடைத்தேன். விரலை எடுக்கவில்லை.

மறுபடி தள்ளியது.

கயிறு கீழே தொங்குகிறது. ஃப்ளைவீலைப் பார்த்தேன்... அசையவில்லை.

உள்ளே இழுத்தது. வெளியே தள்ளியது. வெதுவெதுப்பாக. ஈரமாக.

ஹ்ஹா... ஹ்ஹா...

"கொமாத்ரே... கேக்குதா?"

"மழைச் சத்தம். சீக்கிரம் முடிங்க."

பயத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது. நாலு நாளாக உயிரை வாங்குகிற எழவு! விரலை அழுத்தினேன்.

தோலைக் கவ்வி இழுத்தது.

இன்னும் அழுத்தினேன்.

உள்ளே ஏதோ படபடத்தது...

நின்றது.

கேஜை மாட்டினேன். நூற்று இருபது. பிளக்கைப் போட்டதும் முதல் இழுப்பிலேயே கிளம்பியது. நியெவெஸ் அழுதுகொண்டே என் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

மோட்டாரை அவள் படகில் மாட்டி நானும் கூடவே போனேன். இருட்டுவதற்குள் வடக்கே, அலையாத்திக் காட்டுக்கு வெளியே அவர்களைக் கண்டோம். கவிழ்ந்த படகின் மேல் எய்தெர் உயிரோடு இருந்தான். ஓபெர்லினைக் கயிற்றால் தன்னோடு கட்டி வைத்திருந்தான். ஓபெர்லினுக்கு மூச்சில்லை. உடம்பில் சூடு இன்னும் முழுதாக ஆறவில்லை.

எங்கள் படகில் ஏற்றியதும் நியெவெஸ் கணவனின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். "எப்படா?" என்று தம்பியைக் கேட்டாள்.

"மதியம்க்கா. மழை வந்துச்சுல்ல, வாயத் தொறந்து குடிச்சாரு. 'பொழச்சோம்டா மச்சான்'னு சிரிச்சாருக்கா. நல்லாத்தான் இருந்தாரு."

"அப்புறம்?"

"திடீர்னு, 'வாயில யாரோ விரல வைக்கிறாங்கடா, எடுக்கச் சொல்லு'ன்னாரு. நான் வாய்க்குள்ளகூடப் பாத்தேன். ஒண்ணுமில்ல. மூச்சு விடத் திணறுனாரு..."

"வேற எதுவும் சொல்லலையா?"

"பெட்ரோல் நாறுதுன்னாருக்கா."

நான் பின்னால் உட்கார்ந்து மோட்டாரைப் பிடித்திருந்தேன். கரை வரை அது ஒரு தடவைகூடத் திக்கவில்லை.