கமலாவதி பழைய டொசுக்குத் திரும்பிய நாள்

தலைக்கு மேலே சுழலும் விசிறியை நிறுத்தி, செருப்பைக் கதவோரம் கழற்றிவிட்டு, கையைச் சேலைத் தலைப்பில் இரண்டு தடவை துடைத்த பிறகுதான் கமலாவதி கணினியின் பொத்தானை அழுத்துகிறார். விசிறியும் கணினியும் ஒன்றாக ஓடினால் கோப்பாய் ஊர் மின்சாரம் தள்ளாடிப் போகும். "உவருக்குத் தனியாச் சாப்பாடு வைக்கவேணும்" என்று திரையைக் காட்டிச் சொல்கிறார். கணினி அவருக்கு எப்போதும் மரியாதையான 'உவர்'தான். கோபம் வந்தால் மட்டும் 'உது'.

வயது நாற்பத்து மூன்று. பிறந்தது பருத்தித்துறை. கொழும்பில் கப்பல் நிறுவனம் ஒன்றில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர், எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் ஒரு கைப்பையோடு ஊர் திரும்பினார். ஆறு வருடமாகிறது. அதைப் பற்றிக் கேட்டால், "அதை விடுங்கோ, தேத்தண்ணி ஆறுது" என்பார். பனங்கட்டியை ஓரத்தில் கடித்துக்கொண்டு, பால் விடாத தேநீரை மிடறு மிடறாகக் குடிப்பார். திரையில் ஆங்கிலத்தில் எது வந்தாலும் உரக்க இரண்டு முறை வாசிப்பார். முதல் முறை வாசிப்பது தனக்காம், இரண்டாம் முறை வாசிப்பது தான் சரியாக வாசித்தோமா என்று பார்க்கவாம்.

கணினி இருப்பது ஓய்வுபெற்ற ஆசிரியர் நமசிவாயத்தின் முன்னறையில். அவருடைய தம்பி இலண்டனில் இருந்து அனுப்பியது. அதில் வலிகாமத்திலும் வடமராட்சியிலும் இரத்தம் கொடுக்கச் சம்மதித்த இரண்டாயிரத்து முந்நூறு பேரின் பெயர், ஊர், இரத்த வகை எல்லாம் தமிழில் இருக்கின்றன. ஒரு வருடமாக இருந்து தட்டியவர் கமலாவதி. சம்பளம் கிடையாது.

சென்ற புரட்டாதியில் கோயில் திருவிழாவுக்கு வந்த நமசிவாயத்தின் உறவுக்காரப் பொறியியலாளர் ஒருவர், கணினியை எழுப்பி நடத்தும் டொசை மாற்றிவிட்டார். பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார். கணினிக்குள் இரண்டாகப் பிரித்திருந்த சேமிப்புத் தட்டை ஒரே பெரிய அறையாக்கினார். மறுநாள் காலை பஸ் ஏறிவிட்டார். அன்றிலிருந்து தமிழ் எழுத்துக் காட்டும் செயலி பத்துப் பெயரைக் காட்டும், பதினோராவதில் நின்றுவிடும்.

இரத்த வகையைப் பதிய நான் போயிருந்த அன்றுதான் கமலாவதி பழைய டொசுக்கே திரும்புவது என்று முடிவெடுத்திருந்தார்.

"புதுசு நல்லதுதானே, பிள்ளை?" என்றார் நமசிவாயம்.

"நல்லதுதான் மாஸ்ரர். ஆனா மெமறியிலை இருக்கிற இடத்தை எல்லாம் தானே பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். தமிழுக்கு இருக்க இடமில்லை."

பழைய டொஸ் இருந்த மெல்லிய பிளொப்பித் தகட்டைப் போட்டுக் கணினியை எழுப்பினார். தட்டைக் கேட்டபோது, அப்படி ஓர் இடமே இல்லை என்று திரை சொன்னது. நமசிவாயம் தலையில் கைவைத்தார். கமலாவதி அந்த வரியை இரண்டு முறை வாசித்தார்.

"லிஸ்ற் இல்லையெண்டு சொல்லேல்லை மாஸ்ரர். உவ்வளவு பெரிய அறையைப் பாக்க உவருக்குக் கண் எட்டேல்லை. அவ்வளவுதான்."

அவர் சொன்னது சரி. புதிய டொசைத் திரும்பப் போட்டதும் பட்டியல் அப்படியே இருந்தது. பழையது வேலை செய்ய வேண்டுமென்றால் தட்டை மீண்டும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். பிரித்தால் உள்ளே இருப்பது முழுவதும் அழியும். ஆகவே பட்டியலைப் பிளொப்பிகளில் காப்புப் பிரதி எடுத்தார். ஒரு தொகுதி போதாதென்று இன்னொரு தொகுதியும் எடுத்தார். பிறகு தட்டைப் பிரித்தார், துடைத்தார், பழைய டொசைக் குடியேற்றினார். தமிழ்ச் செயலி நிற்காமல் ஓடியது. எல்லாம் ஒரு மணித்தியாலத்தில் முடிந்தது.

பட்டியலைத் திரும்ப ஏற்றப் போனபோதுதான் சிக்கல் வந்தது. காப்புப் பிரதியைக் கட்டியது புதிய டொஸ். அந்தக் கட்டை அவிழ்க்கப் பழையது மறுத்தது. இரண்டாம் தொகுதியைப் போட்டார், அதே பதில். கமலாவதி இம்முறை உரக்க வாசிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் சைக்கிள் நின்றது. ஆஸ்பத்திரிச் சிற்றூழியர் கனகரத்தினம் வியர்வையோடு உள்ளே வந்தார்.

"மாஸ்ரர், ஒரு பிள்ளைத்தாய். பிள்ளை பிறந்திட்டுது, தாய்க்கு ரத்தம் நிக்கேல்லை. ஓ நெகட்டிவ் வேணுமாம்."

நமசிவாயம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கமலாவதி முந்திக்கொண்டார்.

"இப்ப லிஸ்ற் இதுக்குள்ளை இல்லை. நான்தான் அழிச்சனான்."

கனகரத்தினம் புரியாமல் பார்த்தார். "ரைப் பண்ணினது நீங்கள்தானே, ஆரையும் ஞாபகம் இல்லையோ?"

"ரெண்டு பேர் ஞாபகத்திலை வருகினம். நெகட்டிவோ பொசிட்டிவோ எண்டு சத்தியம் பண்ணமாட்டன். பிழையான ஆளைத் தேடிப் போனா உங்கடை நேரம்தான் போகும். பத்து நிமிசம் இருங்கோ."

ஒரு பழைய கடித உறையின் முதுகில் இரண்டு வட்டம் போட்டார். ஒன்றில் 'பழசு', மற்றதில் 'புதுசு' என்று எழுதினார். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இழுத்து, பென்சிலை அதன் மேல் முன்னும் பின்னும் ஓடவிட்டார். பென்சில் ஓரிடத்தில் நின்றது.

"பழையவருக்குப் புதியவரின்ரை வேலை விளங்காது. ஆனா புதியவருக்குப் பழையவரின்ரை அறை தெரியும்தானே" என்று தனக்குள்ளே கதைத்தார்.

புதிய டொஸ் இருந்த பிளொப்பியால் கணினியை எழுப்பினார். சிறிதாக்கிய தட்டை அது கண்டுகொண்டது. தான் கட்டிய கட்டைத் தானே அவிழ்த்து, பட்டியலை அந்தத் தட்டிலேயே இறக்கி வைத்தது. பிளொப்பியை உருவிவிட்டுப் பழைய டொசில் மறுபடி எழுப்பியபோது பெயர்கள் ஒவ்வொன்றாகத் தமிழில் மேலேறின. பத்து வந்தது, பதினொன்றும் வந்தது. கோப்பாயைச் சுற்றி மட்டும் ஓ நெகட்டிவில் ஏழு பேர் இருந்தார்கள். அவர்களில் கிட்ட இருந்தவர் இருபாலைச் செல்வநாயகி என்ற தையல் ஆசிரியை. அவர் பெயர் கமலாவதிக்கு ஞாபகம் வந்த இருவரில் இல்லை.

விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டு கனகரத்தினம் ஓடினார்.

அன்று என் பெயரைப் பதிய அவர்கள் இருவருக்கும் நினைவில்லை. மறுநாள் காலை நான் திரும்பப் போனபோது கனகரத்தினம் அங்கே நின்றார்.

"தாய் கண் முழிச்சிட்டா, மாஸ்ரர். பொம்பிளைப் பிள்ளை. செல்வநாயகியக்கா நேற்று வகுப்பை அப்பிடியே விட்டிட்டு வந்தவ."

"பாத்தியே பிள்ளை, உன்ரை வேலை ஒரு உயிரைக் காப்பாத்திப்போட்டுது" என்றார் நமசிவாயம்.

கமலாவதி செல்வநாயகியின் பெயரைத் தேடி எடுத்து, அதற்கு நேரே முதல் நாள் திகதியைத் தட்டினார். அதன் பக்கத்தில், 'நான்கு மாதத்துக்கு இவரைக் கேட்க வேண்டாம்' என்று சேர்த்தார்.