ஒரு லயத்துக்கு ஒரு நாய்

அப்பா இருந்தார். அம்மா இருந்தாள். அண்ணன் இருந்தான். மாமா வாசலிலேயே நின்றார். அன்று அவருக்கு உள்ளே வரத் துணிச்சல் இல்லை. நான் இருந்தேன். நடுவில் ஒரு கொழுந்துச் சாக்கு இருந்தது. சாக்குக்குள் நாய் இருந்தது.

மாமா, அம்மாவின் தம்பி. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பறித்த கொழுந்தை ஏற்றும் லாரியில் வேலை. டவுனுக்குப் போன இடத்தில், தெரு நாய்களைப் பிடித்து அடைக்கும் கூண்டில் இதைப் பார்த்திருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் யாரும் வந்து கேட்காவிட்டால் சுட்டுவிடுவார்களாம். அன்று வியாழக்கிழமை. மாமா கேட்டுவிட்டார்.

"கேட்ட ஒடனே குடுத்துட்டாங்கக்கா" என்றார், பெரிய வேலை முடித்தவர் போல.

"கேக்காம வந்திருக்கலாம்ல" என்றாள் அம்மா.

எங்கள் தோட்டத்தில் துரை ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒரு லயத்துக்கு ஒரு நாய். ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒரு வரிசை வீடுகள்தான் ஒரு லயம்; எங்களுடையதில் பத்து வீடு. முன்பு வீட்டுக்கு வீடு நாய் இருந்தது. அதில் ஒன்று துரையின் காலைப் பதம் பார்த்தது. அதற்குப் பிறகு வந்த சட்டம். எந்த லயத்தில் எந்த நாய் என்று ஆபீஸ் கிராணியார் எழுதி வைத்திருப்பார். எங்கள் லயத்தில் பெயர் பதிந்த நாய், கங்காணியின் கறுப்பு நாய். அது குரைத்து யாரும் கேட்டதில்லை. எந்நேரமும் தூங்கும். இருந்தாலும் இடம் அதனுடையது.

கங்காணி மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார்.

"அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். அப்புறம் லாரியில ஏத்திக் கூண்டுக்கே திருப்பி அனுப்பிருவேன். எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. சட்டம்லா."

எனக்கு அப்போது ஒன்பது வயது. பத்து நாள் இருக்கிறது, இடம் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். கொஞ்சம்கூடச் சந்தேகம் இல்லை.

நாய் தேயிலைத் தூள் நிறத்தில் இருந்தது. இடது காது பாதிதான். கழுத்தைச் சுற்றிக் கம்பி அறுத்த புண். தூள் என்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தது.

"பேரு வைக்காத. அப்புறம் போகாது" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு மஞ்சளை எண்ணெயில் குழைத்துக் கழுத்துப் புண்ணில் தடவினாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவளாகவே, "நாத்தம் தாங்கல" என்றாள்.

முதலில் மாமா இடம் பார்த்தார். பக்கத்து ஊரான கியா பார்மில் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம், முட்டைக்கோஸ் போட்டிருந்தார். இரவில் காய் களவு போகிறது, நாய் வேண்டும் என்றாராம்.

"ஜாகா வேலக்கா. ராத்திரி காவலு. மூணு வேளைச் சோறு. எனக்கே அப்படி ஒரு வேல கெடைக்கல."

வழி தெரிந்தால் திரும்பி வந்துவிடும் என்று நாயைச் சாக்கில் போட்டுத்தான் கொண்டு போனார்கள். வீட்டில் இருந்தது கொழுந்துச் சாக்கு. அதில்தான் போட்டார்கள். நாய் படுத்துக்கொள்ளட்டும் என்று சாக்கையும் அங்கேயே விட்டு வந்தார் மாமா. நான் அழவில்லை. நல்ல வேலை கிடைத்த நாய்க்கு எதற்கு அழ வேண்டும்?

நான்காம் நாள் மாலை கொழுந்து லாரி வந்தது. பின்னால் தூள் ஓடி வந்தது. நாக்கு தரையைத் தொடுகிற மாதிரி தொங்கியது.

கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். மாமா தலையில் கை வைத்தார். கியா பார்ம் பாதையில் எங்கள் லாரி போயிருக்கிறது. நாலு நாளாக நாய் படுத்திருந்த சாக்கின் அதே வாசம் லாரியிலும். கண்ணைக் கட்டினோம், மூக்குக்கு வழி சொல்லிக் கொடுத்துவிட்டோம்.

"கோஸ் சாக்குல போட்டுருக்கணும்லா" என்றார் அப்பா. அன்று முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான்.

தவுக்கே இனி வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். ஓடுகிற நாய் காவலுக்கு ஆகாதாம்.

இன்னும் ஐந்து நாள் இருந்தது. பள்ளி விட்டதும் நானே கிளம்பினேன். நாயைக் குளிப்பாட்டி, என் ரிப்பனைக் கழுத்தில் புண் படாமல் தளர்வாகக் கட்டினேன். லயம் லயமாகப் போனேன். ஆற்றோர லயத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த அக்கா என்னை நிறுத்தி வைத்துக் கேட்டாள்.

"என்னாடி, பொண்ணுக்கு மாப்பிள பாக்குறியா?"

"வீடு பாக்குறேன்க்கா."

"ஜாதகம் கொண்டாந்தியா?"

"ஒரு காது பாதிதான். மத்தது எல்லாம் சரியா இருக்கு."

அவள் சிரித்த சிரிப்பில் சோப்பு நழுவி ஓடையில் விழுந்தது. தூள் குதித்து எடுத்து வந்தது. பார்த்தியா, கெட்டிக்காரி என்றேன். ஆனால் அங்கேயும் பெயர் பதிந்த நாய் ஒன்று இருந்தது. எல்லா லயத்திலும் இருந்தது. மேல லயம் தவிர.

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது சொன்னேன். "மேல லயத்துல மட்டுந்தான் நாயி இல்ல. ஆளும் இல்ல. எல்லா வீடும் காலி."

"அந்த மேட்டுல எவன் இருப்பான்?" என்றான் அண்ணன். "கொழாத் தண்ணி ஏறாது. காத்து ஆளத் தூக்கிரும்."

"வாய மூடிட்டு சாப்புடுங்க" என்றாள் அம்மா.

மறுநாள் சனிக்கிழமை. வேலை விட்டு வந்த அம்மா கூடையை இறக்கிவிட்டு ஆபீஸ் பக்கம் போனாள். மழைச் சட்டை கேட்கப் போகிறேன் என்றாள். வெறுங்கையோடு திரும்பினாள். ஞாயிறு காலை நான் எழுந்தபோது அப்பா கட்டிலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னாப்பா?"

"மேல லயத்துக்குப் போறோம். அங்க நல்லா காத்து வரும்."

எங்கள் மலையில் காற்று வேண்டும் என்று கேட்ட ஆளை நான் அதுவரை கண்டதில்லை. ஆனாலும் நம்பினேன். அப்பாவுக்குத் துரை பெரிய இடம் கொடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். உயரத்தில் இருந்தது துரை பங்களா, அடுத்து நாங்கள். பள்ளியில் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

கங்காணி லாரியோடு வந்தார், நாயை ஏற்ற. நாங்கள் சட்டி பானையைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஒரு நாயிக்காகவா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"பழைய வீட்டுல கூரை ஒழுகுது" என்றாள் அம்மா.

ஒழுகியது மேல லயத்து வீடுதான். பழைய வீட்டில் ஒரு சொட்டு விழுந்ததில்லை.

தூள் அங்கே பதினொரு வருடம் இருந்தது. கிராணியார் அதன் பெயரை எழுதிக்கொண்டார். வேறு ஆளே இல்லாத லயத்துக்கு அது ஒரே நாய். நான்தான் இடம் பார்த்துக் கொடுத்தேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். யாரும் மறுத்துச் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. அவள் அந்த நாயைக் கொஞ்சி நான் பார்த்ததில்லை. மீதிச் சோற்றைப் போடுவாள். அது தின்று முடிக்கும் வரை நிற்பாள். அவ்வளவுதான்.

ஆறாம் வகுப்போடு நானும் கூடை தூக்கினேன். பெயர் பதியப் போன அன்று கிராணியார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"நாயி சௌக்கியமா? ஒங்கம்மா இங்க வந்து நின்னா. மூணு தடவ வேணாம்னு சொன்னேன். 'தண்ணிய நான் தூக்கிக்கிறேன், வீட்ட மாத்தி எழுதுங்க'ன்னா. ஆபீஸப் பூட்டுற வரைக்கும் நகரல."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் கையிலிருந்து தண்ணீர் டின்னை வாங்கிக்கொண்டேன்.

சிறுவயதில் எனக்கும் தூளுக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. கீழே குழாயடியிலிருந்து வீட்டு வாசல் வரை மண்ணில் வெட்டி, பலகை பதித்த படிகள். ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே ஓடுவேன். தூள் முந்திப் போய் மேலே நின்று குரைக்கும். பின்னால் அம்மா வருவாள், இரண்டு கையிலும் தண்ணீர் டின். காலையில் இரண்டு நடை, மாலையில் இரண்டு நடை. "அம்மா, நீங்களும் எண்ணுங்க" என்று மேலிருந்து கத்துவேன். அவள் பதில் சொன்னதில்லை. மூச்சு வாங்கியதால் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு எண்ணத் தெரியாது போல என்று நினைத்துக்கொண்டேன்.

நூற்றுப் பதினாறு.