அப்பா கழற்றிய செருப்பு

"...எந்தச் சந்துல பூந்தா எங்க போயி வெளிய வரலாம்னு கண்ணக் கட்டி உட்டாலும் சொல்லுவேன் பாப்பா, பெங்களூரு எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்று அப்பா பெருமையடித்துக்கொண்டே நடந்தது, இன்று காலை கொத்தமல்லிக் கட்டைப் பிரித்தபோது அந்த ஈர வாசனையோடு நினைவுக்கு வந்தது.

கெலமங்கலத்திலிருந்து வாராவாரம் பெங்களூர் மார்க்கெட்டுக்கு மல்லி ஏற்றிப் போய்வந்தவர் அவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஒரு நாள், ஏழு வயதிலிருந்த என்னையும், ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று லாரியில் ஏற்றிக்கொண்டார். கட்டுகள் விற்றதும், துண்டில் இன்னும் மல்லி மணக்க, பக்கத்திலிருந்த பழைய மர அரண்மனைக்குக் கூட்டிப்போனார். வாசலில் நின்றாலே கிணற்றடி போலக் குளிர்ந்தது. உள்ளே வழவழவென்று வரிசையாகத் தூண்கள். எங்கோ உயரத்தில் புறாக்கள் முனகிக்கொண்டே இருந்தன.

ராஜா வாழ்ந்த இடமாயிற்றே என்று அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, தலைப்பாகையையும் அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

காவல்காரர் சிரித்துவிட்டார். "இது கோயிலில்லப்பா, செருப்பைப் போட்டுக்கோ. மொதல் தடவையா?" என்று கன்னடத்தில் கேட்டார்.

அப்பாவின் முகம் சுண்டிப்போனது. இத்தனை வருஷமும் மார்க்கெட்டைத் தவிர அவர் எதையுமே பார்த்ததில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நான் முந்திக்கொண்டு, "எங்கப்பா வாராவாரம் வராரு!" என்றேன்.

அப்பா என்னையே பார்த்தார். பிறகு, செருப்பைப் போட்டுக்கொள்ளாமலே என்னைத் தூக்கித் தோளில் உட்கார வைத்து, "எனக்கும் சேத்துப் பாத்துச் சொல்லு பாப்பா" என்று ஒவ்வொரு தூணாக நடக்க ஆரம்பித்தார்.