டாக்டர் சட்டை

ஈரத்துணியை மண்ணெண்ணெய் அடுப்புக்கு மேலே பிடித்துக் காய வைத்தால் ஒரு வாசனை வரும். பார் சோப்பும் புகையும் லேசாகப் பொசுங்கிய நூலும் கலந்த அந்த வாசனை இன்றைக்கும் எங்காவது மூக்கில் ஏறினால் எனக்கு என் தம்பி பாபுவுக்கு வந்த காய்ச்சல்தான் நினைவுக்கு வரும். கூடவே சிரிப்பும் வரும். காய்ச்சலை நினைத்து யாராவது சிரிப்பார்களா என்று கேட்காதீர்கள், கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

அப்போது நாங்கள் கும்மிடிப்பூண்டியில், கம்பெனிகளுக்குப் போகும் சாலையை ஒட்டிய ஒரு "லைன் ஊட்டில்" குடியிருந்தோம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு கைபம்பு, எல்லாருக்கும் பொதுவாக ஒரு நீளமான கொடிக்கயிறு. அப்பாவை நாங்கள் "நைனா" என்று கூப்பிடுவோம். ஆந்திரா கூப்பிடு தூரத்தில் இருந்ததால் வந்த பழக்கம் அது. நைனாவுக்கு இரும்புக் கம்பி போடும் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. சாம்பல் நிற யூனிபார்ம் சட்டை, பாக்கெட்டின் மேல் சிவப்பு நூலில் கம்பெனி பெயர். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நைனா டாக்டர் வீட்டுப் படியேறக் கூடாது என்பது அம்மா போட்ட சட்டம்.

காரணம் எளியது. டாக்டர்கள் உடுப்பைப் பார்த்துத்தான் காசு கேட்கிறார்கள் என்று எங்கள் லைன் முழுவதும் நம்பியது. அம்மா ஒன்றும் விவரம் தெரியாதவள் இல்லை. ஆடி மாதத்தில் பெரியபாளையம் அம்மன் கோயிலுக்குப் போனால், பஸ்ஸில் இறங்கி வருகிறவர்களுக்கு ஒரு விலையும் காரில் இறங்கி வருகிறவர்களுக்கு ஒரு விலையும் சொல்லி ஒரே தேங்காயை விற்கிற கடைகளை அவள் பார்த்திருக்கிறாள். தேங்காய்க்காரர் செய்வதை டாக்டர் மட்டும் செய்ய மாட்டாரா என்பது அவள் வாதம்.

எனவே எங்கள் தகரப் பெட்டியின் அடியில், பாச்சை உருண்டை போட்டு, ஒரு "டாக்டர் சட்டை" தனியாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு காலத்தில் காப்பிக்கொட்டை நிறத்தில் கட்டம் போட்டதாக இருந்திருக்க வேண்டும். காலர் நைந்து, இரண்டு பொத்தான் போய் அந்த இடத்தில் ஊக்கு குத்தி, முதுகில் வேறு துணி வைத்துத் தைத்திருந்தது. நாலு வயதுப் பிள்ளைக்குப் போட்டால் கவுன் மாதிரி தொங்கும், பத்து வயதுப் பிள்ளைக்குச் சரியாக இருக்கும். ஆண், பெண் பேதம் கிடையாது. உடம்பு சரியில்லை என்று முடிவானதும் அம்மா முதலில் எங்கள் முகத்துப் பவுடரைத் துடைப்பாள். பிறகு என் கம்மலைக் கழற்றிவிட்டு, காதோட்டையில் துடைப்பக்குச்சியை ஒடித்துச் செருகுவாள். கடைசியில் சட்டை. "மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு வரணும், இன்னா? அங்க வந்து பல்ல காட்டிக்கினு நின்னே, ஊட்டுக்கு வந்து பேசிக்கிறேன்" என்பது வாசலில் கிடைக்கும் கடைசி எச்சரிக்கை. காய்ச்சலில் மூஞ்சி தானாகத்தான் தொங்கும், அது வேறு விஷயம்.

டாக்டர் செலவு இவ்வளவுதான் ஆகும் என்று அந்த நாளில் யாராலும் சொல்ல முடியாது. ஸ்டேஷன் ரோட்டு டாக்டரிடம் ஃபேனுக்குக் கீழே நாற்காலி, டோக்கன் கொடுக்க ஒரு அக்கா, அதற்கெல்லாம் சேர்த்து ஃபீஸ் கூட. மருந்தை வெளியே வாங்க வேண்டும், அது தனி. அரசு ஆஸ்பத்திரியில் காசே கிடையாது, ஆனால் வரிசையில் நின்று திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும், கான்ட்ராக்டர் அன்றைய கூலியை வெட்டிவிடுவார். "ஃப்ரீன்னு போனா அதுதான் பெரிய செலவு" என்று நைனா சொல்வார். ஆகவே எங்கள் லைன் ஆட்கள் போனது சைக்கிள் கடை டாக்டரிடம். அவர் சைக்கிள் வைத்திருக்கவில்லை. வாடகை சைக்கிள் கடைக்கு அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். மருந்தையும் அவரே பொட்டலம் கட்டிக் கொடுத்து, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை சொல்வார். அந்தத் தொகைதான் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. வெளியே வந்ததும் பம்படியில் ஆராய்ச்சி நடக்கும். "உனுக்கு எவ்ளோ வாங்குனாரு? எனுக்கு மட்டும் இன்னாத்துக்கு ஜாஸ்தி? கையில வாட்ச் கட்டிக்கினு போனியா?" என்று கேட்டுக் கேட்டுத்தான் எங்கள் சட்டையின் புகழ் பரவியது.

பரவியதோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டு மேரி அத்தை தன் மகன் டேவிட்டுக்காக அதைக் கடன் வாங்க ஆரம்பித்தாள். அவளிடமிருந்து கோடி வீட்டுக்காரர்கள் வாங்கினார்கள். சீக்குப் பிள்ளை போட்ட சட்டையைத் துவைக்காமல் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது லைனின் மரியாதை. அந்த மரியாதைதான் எங்களுக்கு வினையாக வந்தது.

ஒரு ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. டேவிட் டாக்டரிடம் போய் வந்திருந்தான். மேரி அத்தை நல்ல மனுஷி, அன்றைக்கே சட்டையைத் துவைத்து, வீட்டுக்குள் கயிறு கட்டிப் போட்டிருந்தாள். அன்று மாலையே பாபுவுக்கு உடம்பு சுட்டது. அம்மா சட்டையைக் கேட்டுப் போனாள், சொட்டச் சொட்ட ஈரமாகத் திரும்பி வந்தது. "காஞ்சதும் இஸ்துக்கினு போலாம். சாதா ஜொரம்தான்" என்றாள். சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள். மறுநாளும் மழை விடவில்லை. சட்டையைத் தொட்டுப் பார்ப்பதும் பாபுவின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுமாக அவள் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தாள். ஒன்று சில்லென்று இருந்தது, இன்னொன்று கொதித்தது. பாபு இருமும்போது நெஞ்சுக்குள் ஏதோ கிழிகிற மாதிரி சத்தம் வந்தது.

சும்மா வேறு சட்டையில் கூட்டிப் போயிருக்கலாமே என்று இப்போது உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றுகிறது. ஆனால் மற்ற சட்டை என்றால் தீபாவளிக்கு எடுத்த பளபளா சட்டைதான் காய்ந்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டு போனால் டாக்டர் எவ்வளவு கேட்பாரோ, கொண்டுபோன காசு போதாமல் எல்லார் முன்னாலும் தலைகுனிந்து நிற்க வேண்டி வருமோ என்ற பயம் அம்மாவைக் கட்டிப் போட்டிருந்தது. கஞ்சத்தனம் இல்லை அது. பயம்தான்.

மூன்றாம் நாள் மதியம் பாபு கண்ணைத் திறக்கவில்லை. கூப்பிட்டால் "ம்" என்றுகூடச் சொல்லவில்லை. மழையால் ஆள் வராமல் "டபுள்" ஷிப்ட் பார்த்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்த நைனா, அவனைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டார். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து, சட்டையைத் தீயின் மேல் விரித்துப் பிடித்திருந்தாள். நான் முதலில் சொன்ன வாசனை அதுதான்.

"தோ, கையி மட்டும்தான் ஈரமாகீது. அஞ்சே நிமிசம்" என்றாள் அம்மா.

"சட்ட இன்னாத்துக்குடி? புள்ள நெருப்பா எரியறான்!"

நைனா அம்மாவை அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. பாபுவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மேலே யூரியா சாக்கைப் போர்த்திக்கொண்டு மழைக்குள் ஓடினார். "அய்யய்யோ, யூனிபாரத்த கய்ட்டிட்டுப் போய்யா!" என்று அழுதுகொண்டே அம்மா பின்னால் ஓடினாள், கையில் அந்த அரைக்காய்ச்சல் சட்டையும் போனது. நான் செருப்பில்லாமல் கடைசியாக ஓடினேன். தம்பி செத்துப்போய்விடுவான் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. அவனிடமிருந்து பிடுங்கி வைத்திருந்த கோலிக்குண்டுகளை எல்லாம் கொடுத்துவிடுகிறேன் சாமி என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனேன்.

டாக்டர் பாபுவைப் பெஞ்சில் கிடத்தச் சொன்னார். அவர் திரும்பிக் குழலை எடுப்பதற்குள் அம்மா செய்த காரியம் இருக்கிறதே! மயங்கிக் கிடக்கிற பிள்ளையின் கையைப் பிடித்து அந்தச் சட்டைக்குள் நுழைக்கப் பார்த்தாள். டாக்டர் பார்த்துவிட்டார். சட்டையை வாங்கி, விரித்து, முதுகில் இருந்த ஒட்டுத்துணியைப் பார்த்தார்.

"இந்தச் சட்டைய எனக்கு நல்லாத் தெரியுமே. முந்தாநேத்து இதுக்குள்ள டேவிட் இருந்தான். அதுக்கு முன்னாடி ஒரு பொம்பளப் புள்ள இருந்துச்சு. உங்க தெருவுல மனுஷனுக்குப் பார்த்ததவிட இந்தச் சட்டைக்குத்தாம்மா நான் அதிகமா வைத்தியம் பார்த்திருக்கேன்."

அம்மா புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். டாக்டர் குழலை வைத்துப் பார்த்தார். முகம் மாறியது. எல்லாரிடமும் முதலில் கேட்கும் கேள்வியைக் கேட்டார்: "எத்தன நாளா?"

"நேத்துலேர்ந்துதான் சார்" என்றாள் அம்மா.

"மூணு நாளா" என்று நான் சொல்லிவிட்டேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

ஊசி போட்டார். ஈரத்துணியால் உடம்பைத் துடைக்கச் சொன்னார். கைக்கு எட்டிய ஈரத்துணி டாக்டர் சட்டைதான், அம்மா அதாலேயே துடைத்தாள். துடைக்கும்போதுதான் அவர் திட்டினார், குரலை உயர்த்தாமல். "மொத நாள் வந்திருந்தா நாலு மாத்திரையோட போயிருக்கும். இப்ப சளி நெஞ்சுல எறங்கிடுச்சு. ஊசி, மருந்து, நாளைக்கும் வரணும், நாளன்னிக்கும் வரணும். மருந்து எனக்குச் சும்மாவா வருது? நான் சட்டையப் பார்த்துக் காசு வாங்கல. நாளப் பார்த்து வாங்கறேன். லேட்டா வர்றவங்களுக்குக் கூட ஆகுது, காசு கூட ஆகுமேன்னு பயந்துகிட்டு இன்னும் லேட்டா வர்றீங்க."

அம்மா தலையாட்டிக்கொண்டே அழுதாள். பம்படியில் அத்தனை வருஷம் ஆராய்ந்தும் எங்கள் லைனில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பாபு கண்ணைத் திறந்து, பக்கத்து டீக்கடையின் பன்னு வேண்டும் என்றான். நைனா அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்தார். காசு கொடுக்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், கம்பெனி சட்டைக்கு எவ்ளோ சேத்தீங்க?"

"அதுக்குச் சேத்தத, ஈரச் சட்டைக்குக் கழிச்சுட்டேன். போய் புள்ளைக்குப் பன்னு வாங்கிக் குடு" என்றார் டாக்டர்.

அந்தச் சட்டை அதற்குப் பிறகு அடுப்படிக் கரித்துணியானது. ஆனால் எங்கள் வீட்டில் ஒரு சொல் மிச்சமாயிற்று. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப நான் நேரமாக்கினால், கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வரச் சொல்லியும் மாமா இழுத்தடித்தால், "இன்னா, சட்ட காயலியா?" என்று நைனா கேட்பார். அம்மா முறைப்பாள், பிறகு அவளே சிரித்துவிடுவாள். கோலிக்குண்டுகளை நான் திருப்பிக் கொடுத்தேனா என்று கேட்காதீர்கள். சாமிக்கு ஞாபகம் இருந்திருக்காது.

இப்போது நான் பொன்னேரியில் இருக்கிறேன். பாபு அதே கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர், தொந்தியும் வைத்துவிட்டது. சைக்கிள் கடையும் இல்லை, டாக்டர் அறையும் இல்லை. இரண்டையும் இடித்துச் சேர்த்து செல்போன் கடை வைத்திருக்கிறார்கள். நாங்கள் போகிற கிளினிக்கில் கட்டணம் போர்டில் எழுதியிருக்கிறது: பொது டாக்டருக்கு ஒன்று, பெரிய டாக்டருக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு, ஒரு வாரத்துக்குள் மறுபடி வந்தால் வேறு. யாரும் யாருடைய உடுப்பையும் பார்ப்பதில்லை. பவுடர் பூசிக்கொண்டே போகலாம்.

போன மாதம் அம்மா என் வீட்டுக்கு வந்திருந்தாள். வந்த நாளிலிருந்து லொக்கு லொக்கு என்று இருமல். கேட்டால் "இந்த வாரம் போவட்டும்" என்றாள், அடுத்த வாரமும் அதையே சொன்னாள். நைனா இல்லாத வீட்டில் அதைக் கேட்க வேண்டியவள் நான்தானே.

"ஏம்மா, சட்ட காயலியா?"

இருமலும் சிரிப்பும் ஒன்றாக வந்து அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. எழுந்தாள். கல்யாணத்துக்குக் கட்டும் அரக்குப் பட்டுப்புடவை, கம்மல், நெற்றி நிறைய திருநீறு. "பாத்துக்கோ, போர்டுல இன்னா போட்டுக்கீதோ அதுதான். அழுக்குப் பொடவைல போனா துட்ட கொறைக்கவா போறான்?" என்றாள். கிளினிக்கில் அவளைப் பார்த்து எல்லாரும் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

உள்ளே சின்ன வயது டாக்டர் குழலைக் காதில் மாட்டிக்கொண்டே கேட்டார்: "எத்தன நாளாம்மா இருக்கு?"

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. பட்டுப்புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, "நேத்துலேர்ந்துதான் சார்" என்றாள்.

சுவரோடு ஒட்டிக்கொள்ளும் வயதெல்லாம் எனக்குத் தாண்டிவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு வாயைத் திறந்தேன்.